குழந்தையின் குரலுக்குச் செவி யார்?

உத்திரமேரூர் என்றதும் தமிழுலகம் நினைவுகூர்வது குடவோலைத் தேர்தலையே. இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் கற்சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், முப்பது குடும்புகளிலிருந்து ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையை விரிவாக உரைக்கின்றன. அவற்றுள் பலரும் கவனியாது விடும் ஒரு விதி உண்டு. குடத்திலிருந்து ஓலையை எடுக்க வேண்டியவன் உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன். அவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் பெற்று உரக்க வாசிக்க வேண்டும். அத்துடன் முடிவதில்லை. அவையில் இருக்கும் நம்பிமார் அனைவரும் அவ்வோலையை மீண்டும் வாசிக்க வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்பெறும்.

எழுதப்பட்ட பெயர் குரலாக ஒலிக்க வேண்டும். ஒலித்த குரலைப் பலர் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்று அன்றைய அவை கருதியது. ஆயினும் அந்த அவை நிலமும் வேதப் பயிற்சியும் உடைய அந்தணர்களின் அவை. வயலில் உழுதவனுக்கும், நாற்று நட்டவளுக்கும் அங்கே குரல் இல்லை. ஓலை எடுத்த சிறுவனுடைய கை வேண்டப்பட்டது; அவனுடைய குரலை எவரும் வேண்டவில்லை.

இன்று அதே ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், உழுதவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். எழுத்தைக் குரலாக்கும் அந்தப் பழைய வேலையைத்தான் அவர்களும் செய்கிறார்கள். 'அ' என்று எழுதியிருப்பதை 'அ' என்று ஒலிக்கிறார்கள். அவ்வொலியைக் கேட்டு, சரி என்று உறுதிப்படுத்துவோர் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அண்மைக் காலத்தில் இக்கேள்விக்குக் கருவிகள் விடையளிக்க முன்வந்துள்ளன. ஆசிரியரின் குரலைப் பதிவு செய்து பன்முறை ஒலிக்கச் செய்யும் கருவி, குழந்தையின் குரலைப் பதிவு செய்து அதற்கே திருப்பிக் கேட்கத் தரும் கருவி, குழந்தை வாசிப்பதைத் தானே கேட்டு மதிப்பிடும் கருவி என அவை மூவகைப்படும். அவற்றை வரவேற்பதா, விலக்குவதா, எந்த எல்லைக்குள் நிறுத்துவதா என்பது ஆசிரியர்கள் மட்டும் தீர்க்க வேண்டிய சிக்கலன்று. பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் பெற்றோரே என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் தெளிவாக்கியிருப்பதால், இது பொதுநிலையினராகிய உங்கள் மனச்சான்றைச் சார்ந்த சிக்கலும் ஆகும்.

முதலில் தேவையின் அளவை உணர்வோம். ஆசிரியர் இருவரே ஐந்து வகுப்புகளையும் ஏற்று நடத்தும் தொடக்கப்பள்ளிகள் நம் சிற்றூர்களில் உள்ளன. அத்தகைய பள்ளி ஒன்றில் ஐம்பது பிள்ளைகள் என்று கொள்வோம். ஒவ்வோர் ஆசிரியருக்கும் இருபத்தைந்து பேர். ஒரு பிள்ளை தனியாக இரண்டு நிமிடம் வாசிக்க, ஆசிரியர் அதைக் கருத்தூன்றிக் கேட்க வேண்டுமாயின், அதற்கே ஐம்பது நிமிடம் செல்லும். ஒரு பாடவேளை போதாது. ஆகவே வாசிப்பு கூட்டு ஓசையாகிறது. முன்னே ஒருவர் சொல்ல, பின்னே அனைவரும் சொல்கிறார்கள். இது நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய முறை. 1790-களில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், மணலில் எழுதிப் பழகும் நம் பிள்ளைகளையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் கண்டு, 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார்; 'சென்னை முறை' என்ற பெயரில் அது மேலைநாடுகளில் பரவியது. அம்முறையின் வலிமை பெரிது. ஆனால் அதன் குறையும் நாம் அறிந்ததே. கூட்டுக்குரலில் ஒரு பிள்ளை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு ஓராண்டைக் கடத்திவிடலாம். அத்தகைய பிள்ளை பெரும்பாலும் கல்வியறியாப் பெற்றோரின் பிள்ளையாகவோ, இருளர் குடியிருப்பிலிருந்து தயங்கி வரும் பிள்ளையாகவோ, செங்கற்சூளைப் பருவத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய பிள்ளையாகவோ இருக்கும். வீட்டிலும் அதன் வாசிப்பைக் கேட்க ஆள் இல்லை. தாய் நடவுக்கோ, ஒரகடத் தொழிற்சாலைப் பேருந்துக்கோ விடியுமுன் புறப்பட்டு விடுகிறாள்.

பெருந்தொற்றுக் காலம் இந்தக் குறையை மிகுவித்தது. 2020 மார்ச் மாதத்தில் மூடப்பட்ட பள்ளிகள் தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறக்கப்பட்டன. முதல் வகுப்பில் ஒருநாளும் அமராமலே பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்கு வந்தனர். அதனை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27-இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டமும், 2022 ஜூன் 13-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தமிழக அரசால் தொடங்கப்பெற்றன. அந்த ஜூன் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்களில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் 'வாசிப்பு மாரத்தான்' ஒன்று நிகழ்ந்தது. அதில் பயன்பட்டது கூகுள் நிறுவனத்தின் 'ரீட் அலாங்' என்னும் கைப்பேசிச் செயலி. 2019-இல் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமான அச்செயலி, குழந்தை உரக்க வாசிப்பதைத் தானே கேட்டு, தவறிய சொல்லைச் சுட்டி, சரியான சொல்லுக்குப் பாராட்டி, வாசித்த சொற்களைக் கணக்கிட்டது. தன்னார்வலரான ஊர்ப் பெண்ணின் கைப்பேசி, இவ்வாறு சில நாள்களேனும் நம் பிள்ளைகளின் குரலுக்குச் செவியாயிற்று.

இதை ஏளனம் செய்வது எளிது, நேர்மையன்று. எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த மறு ஆண்டே, அதனால் விளையக்கூடிய நன்மைகளைப் பட்டியலிட்டார். பார்வையற்றோருக்குப் பேசும் நூல்களும், ஆசிரியரின் விளக்கத்தை மாணவன் வேண்டியபோது மீண்டும் கேட்கும் வசதியும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தன. 1974-இல் நிகராகுவா நாட்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிகளுக்கு வானொலி வழியே கணக்குப் பாடம் நடத்தினர். வானொலி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சில நொடிகள் மௌனம் காக்கும். பிள்ளைகள் உரக்க விடை சொல்வார்கள். பின்னர் வானொலி சரியான விடையைக் கூறும். அக்கருவிக்குக் காது இல்லை. ஆயினும் பிள்ளை பேசுவதற்கு அது இடம் விட்டது. ஓய்வின்றிப் பேசும் ஆசிரியரைவிட அந்த மௌனம் மேலானதாக இருந்திருக்கக் கூடும். அப்பாடங்களைக் கேட்ட வகுப்புகள் கேளாத வகுப்புகளைவிடக் கணக்கில் முன்னேறியிருந்தன.

இன்னொரு நன்மை நுட்பமானது. நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழி மட்டுமன்றி எலும்பின் வழியும் நம் செவியை அடைகிறது. அதனால்தான் பதிவு செய்யப்பட்ட நம் குரல் நமக்கே அந்நியமாக ஒலிக்கிறது. தன் வாசிப்பைப் பதிவில் கேட்கும் குழந்தை, முதல் முறையாகத் தன்னைப் பிறர் கேட்பதுபோலக் கேட்கிறது. விட்ட எழுத்தைத் தானே கண்டு, எவரும் நகைக்குமுன் திருத்திக்கொள்கிறது. பிறர் முன்னிலையில் தலைகுனியாமல் தவற்றிலிருந்து மீள்வது ஒரு குழந்தைக்குச் சிறிய கொடையன்று. ஒப்புரவு அருளடையாளத்தின் அருமையை அறிந்த நமக்கு, திருத்தத்தையும் அவமானத்தையும் பிரித்து வைப்பதன் பொருள் விளங்கும். திருச்சபையும் கருவிகளுக்கு அஞ்சியதில்லை. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-இல் மார்க்கோனியின் துணையுடன் வத்திக்கான் வானொலியைத் தொடங்கினார். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைக் காத்திருந்து கேட்ட குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு.

அப்படியாயின் தயக்கம் எதற்கு?

புனித அகுஸ்தீனார் 389-ஆம் ஆண்டளவில் தம் மகன் அதயோதாத்துடன் நிகழ்த்திய உரையாடலாக 'ஆசிரியரைப் பற்றி' என்றொரு நூல் யாத்தார். வெளியிலிருந்து வரும் சொற்கள் அடையாளங்களே. அவை நம்மை நினைவூட்டலாம், தூண்டலாம். உண்மையை உள்ளத்தில் காட்டுபவர் உள்ளுறையும் ஆசிரியராகிய கிறிஸ்துவே என்பது அதன் முடிவு. இக்கருத்தை மேலோட்டமாகக் கொள்வோர் இப்படி வாதிடலாம்: மனித ஆசிரியரின் சொல்லும் வெளித்தூண்டுதலே எனில், ஒலிநாடாவின் சொல்லும் அத்தகையதே, இரண்டுக்கும் என்ன வேறுபாடு? அக்குவினா நகர்ப் புனித தோமா இவ்விடத்தில் நமக்குத் துணை வருகிறார். உண்மையைப் பற்றிய தம் வினாக்களுள் பதினோராவதை ஆசிரியரைப் பற்றியே அமைத்த அவர், ஆசிரியரை மருத்துவருக்கு ஒப்பிடுகிறார். நோயைக் குணமாக்குவது உடலின் இயற்கையே. மருத்துவர் அவ்வியற்கைக்கு வெளியிலிருந்து உதவுகிறார். அவ்வாறே அறியும் ஆற்றல் மாணவனிடமே உள்ளது. ஆசிரியர் அதற்குத் துணை நிற்கிறார். இந்த ஒப்புமையைச் சற்றே நீட்டிப் பார்ப்போம். நல்ல மருத்துவர் முதலில் நாடி பார்க்கிறார். எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்தை ஒரே அளவில் தருவதில்லை. பதிவு செய்யப்பட்ட குரல் நாடி பாராமல் மருந்து கொடுக்கிறது. குழந்தை இன்று பசியுடன் வந்ததையோ, நேற்றிரவு வீட்டில் நிகழ்ந்த சண்டையையோ, 'அம்மா' என்ற சொல்லில் அது ஏன் தயங்கியது என்பதையோ கருவி அறியாது. தயங்கிய நொடிகளின் எண்ணிக்கை அதனிடம் இருக்கும். தயங்கியதன் காரணம் இராது.

சீலோவில் படுத்துறங்கிய சிறுவன் சாமுவேலை எண்ணிப் பாருங்கள். இரவில் தன்னை அழைக்கும் குரலைக் கேட்டதும் அவன் எழுந்து ஓடியது ஏலியிடம். மும்முறை ஓடினான். ஏலி முதியவர், கண்பார்வை மங்கியவர், தம் மக்களைக் கண்டிக்கத் தவறியவரென்று விவிலியம் குறை கூறும் மனிதர். ஆயினும் அச்சிறுவன் ஓடிச் செல்ல அங்கே ஒருவர் இருந்தார். அழைத்த குரல் அவருடையதன்று. அதை எப்படிக் கேட்க வேண்டும், என்ன மறுமொழி கூற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவரே. இறைவன் நேரடியாகவே பேசிய அவ்விரவிலும் சிறுவனுக்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். குரல் எங்கிருந்து வந்தாலும், அதைக் கேட்ட குழந்தை ஓடிச் செல்ல ஒரு மனிதர் வேண்டும். கருவியின் குரலைக் கேட்டுவிட்டு நம் பிள்ளை யாரிடம் ஓடும்?

இரண்டாவது தயக்கம் தீர்ப்பைப் பற்றியது. நம் பகுதியில் 'வாழைப்பழம்' என்பதை 'வாயப்பயம்' என்றும், 'கோழி'யைக் 'கோயி' என்றும் சொல்லும் வீடுகள் பல. அது சோம்பலால் வந்த பிழையன்று. பாட்டியும் தாயும் பேசிய தமிழ். பாடநூலின் தமிழைக் குழந்தை கற்கத்தான் வேண்டும். ழகரத்தைப் பழகத்தான் வேண்டும். ஆனால் 'தவறு' என்னும் ஒற்றை ஒலியால் கருவி அதை மறுக்கும்போது, தன் தாயின் நாவே தவறானது என்று ஆறு வயது உள்ளம் முடிவு செய்துவிடக் கூடும். ஆசிரியரோ, 'வீட்டில் அப்படிச் சொல்வோம், புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது' என்று இரண்டையும் மதித்துச் சொல்ல வல்லவர். உச்சரிப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது எவ்வளவு கொடியது என்பதை நீதித் தலைவர்கள் நூல் பன்னிரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். யோர்தான் துறைகளில் கிலயாதியர் ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி, அதன் முதல் எழுத்தைத் தம்மைப்போல் ஒலிக்க இயலாத எப்ராயிமரை வெட்டி வீழ்த்தினர். மாண்டோர் 42,000 பேர் என்கிறது அந்நூல். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் அவருடைய கலிலேயப் பேச்சே. அந்தப் பேச்சுடையவரிடம்தான் ஆண்டவர் தம் மந்தையை ஒப்படைத்தார்.

ஒலிப்பதிவுக் கருவியே இதற்கு நேர்மாறாகப் பயன்பட்டதும் உண்டு. கிரியர்சன் நடத்திய இந்திய மொழியாய்வின் தொடர்ச்சியாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டின் மொழிகளும் கிளைமொழிகளும் இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பெற்றன. சென்னை மாகாணப் பேச்சுகளுக்கான பதிவுகளின் வாசகங்களைச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் நூலாக வெளியிட்டது. பேச்சுக்குப் பேச்சு ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் தெரிந்தெடுத்த பகுதி எது தெரியுமா? லூக்கா நற்செய்தியின் ஊதாரி மைந்தன் உவமை! வீடு திரும்பிய மகனின் கதை, அவரவர் வீட்டு மொழியில், அவரவர் நாவில் வந்தபடியே பதிவாயிற்று. அங்கே கருவி திருத்தவில்லை, காத்துக் கொடுத்தது. ஆகவே குழந்தையின் குரலைத் தரம் பிரிப்பதற்காகப் பதிகிறோமா, போற்றுவதற்காகப் பதிகிறோமா என்னும் கேள்விக்குக் கருவியைக் கையில் ஏந்தியவரே விடை கூற வேண்டும்.

மூன்றாவது தயக்கம் நினைவைப் பற்றியது. குழந்தையின் தடுமாற்றங்கள் மறக்கப்பட வேண்டியவை. ஐந்து வயதில் 'ர'வையும் 'ற'வையும் குழப்பியது இருபத்தைந்து வயதில் எவர் செவிக்கும் எட்ட வேண்டியதில்லை. இறைவனின் இரக்கத்தைப் பற்றி இறைவாக்கினர் கூறும்போதெல்லாம், அவர் நம் குற்றங்களை இனி நினைவுகூர்வதில்லை என்பதையே சிறப்பித்துக் கூறுகின்றனர். கருவிக்கு இந்த மறதி இயல்பாக வாராது. ஒருவர் அழித்தாலன்றிப் பதிவு அழியாது. மேலும், குரல் ஒருவருடைய முகத்தைப் போன்றது. உரிமையாளரின் அடையாளம் அதிலேயே உள்ளது. 2023-இல் இயற்றப்பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் தரவுகளைக் கையாளுவதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பதைக் கொள்கையாக வகுத்துள்ளது. சட்டத்தில் விதிவிலக்குகள் இருக்கலாம்; மனச்சான்று அவற்றில் ஒளிந்துகொள்ளலாகாது. கைநாட்டு வைக்கும் தாயிடம் காகிதத்தை நீட்டி ஒப்பம் பெறுவது ஒப்புதலாகாது. 'உன் பிள்ளையின் குரலை இதற்காகப் பதிகிறோம், இத்தனை நாள் வைத்திருப்போம், இன்னார் கேட்பார்' என்று அவளுக்குப் புரியும் தமிழில் சொல்லி, வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு இடம் அளிப்பதே ஒப்புதல்.

இவற்றை எல்லாம் சீர்தூக்கிப் பார்க்கையில், கருவியை விலக்குவது ஏழைப் பிள்ளைக்கு அநீதியாக முடியும் என்றே கருதுகிறேன். நகரத்துப் பிள்ளைக்குக் கதை வாசிக்கக் கேட்கும் தாயும், தனிப்பயிற்சி ஆசிரியரும் உண்டு. நம் சிற்றூர்ப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஒரே செவி சில வேளைகளில் அந்தக் கருவியாகவே இருக்கலாம். பட்டினி கிடப்பவனிடம் அறுசுவை உணவின் மேன்மையைப் பேசிக்கொண்டிருப்பது அறமாகாது. ஆனால் கஞ்சி ஊற்றியதாலேயே கடமை தீர்ந்துவிட்டது என்று எண்ணுவதும் அறமாகாது. கருவி மிச்சப்படுத்தித் தரும் நேரம் எங்கே செல்கிறது என்பதே உரைகல். இருபது பிள்ளைகள் பதிவைக் கேட்டுப் பயிலும் வேளையில் ஆசிரியர் ஐந்து பிள்ளைகளின் அருகில் அமர்ந்து தனித்தனியே கேட்பாராயின், கருவி அன்பின் ஊழியம் செய்கிறது. அவ்வேளையில் அவர் பதிவேடுகளை நிரப்பப் பணிக்கப்படுவாராயின், அல்லது 'கருவி இருக்கிறதே' என்று ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமலே விடுவார்களாயின், அதே கருவி கைவிடுதலுக்குத் திரையாகிறது.

நடைமுறையில் நாம் செய்யக்கூடியவை சில. கருவி கேட்ட வாசிப்பை அன்றே அல்லது மறுநாளே ஒரு மனிதரும் கேட்கட்டும். ஆசிரியரோ, தன்னார்வலரோ, அண்ணனோ, அக்காளோ யாராயினும் நன்று. ஒரு பிள்ளையின் பதிவை மற்றொரு பிள்ளையை நாணச் செய்வதற்குப் பயன்படுத்தலாகாது. பருவம் முடிந்ததும் பதிவுகளை அழித்துவிட வேண்டும்; பெற்றோர் விரும்பினால் அவர்களிடம் ஒன்றைக் கொடுக்கலாம். நம் அன்பியங்களில், கல்லூரி செல்லும் இளையோர் வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், மதம் பாராமல் தெருப் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்க முன்வரலாம். திருத்துவதற்கு முன் முழுவதும் கேட்பதே அவர்களுக்குத் தர வேண்டிய முதற்பயிற்சி. ஒலிப்பதிவைப் பாட்டி, தாத்தாக்களின் குரலுக்கும் பயன்படுத்துவோம். ஏரி நிறைந்த கதையும், நடவுப் பாட்டும், தாலாட்டும் அவர்களோடு மறைவதற்குள் பதிவாகட்டும். வகுப்பில் பிள்ளைகள் கேட்கட்டும். தன் வீட்டுப் பேச்சு பள்ளியில் ஒலிக்கக் கேட்ட பிள்ளை, பள்ளியின் பேச்சையும் தன்னுடையதாக ஏற்கும்.

வேலை முடிந்து அலுத்து வரும் பெற்றோருக்கு ஒரு சொல். உங்களுக்கு எழுத்து தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். படிக்காத தாயும் கேட்க வல்லவள். அடுப்படியில் அமர்ந்து, 'எங்கே, இன்றைக்குப் படித்ததைச் சொல், கண்ணு' என்று கேட்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை. பத்து நிமிடம் தேவை. பிழை எங்கே என்று உங்களால் சொல்ல இயலாமற் போகலாம். அதைக் கருவி சொல்லும், ஆசிரியர் சொல்வார். உங்கள் முகத்தைப் பார்த்து வாசித்தோம் என்ற நினைவை வேறு எவரும் அப்பிள்ளைக்குத் தர இயலாது. இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் கைப்பேசியைச் சற்று எட்ட வைத்துவிட்டு, பிள்ளையை அருகழைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்.